ஏழாம் நிறுத்தத்தில் ஒரு பூஜ்யம்

மாவு மில் நடத்துகிறவளுக்குக் குருவியோடு என்ன சகவாசம் என்று கேட்காதவர்கள் அந்தத் தெருவில் யாரும் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் மில்லக்கா ஒரே பதிலைத்தான் வைத்திருந்தாள். அவரவர் கோதுமை அரைபட்டு வரும்வரை மில் வாசலில் நின்று ஊர்வம்பு பேசுவதில்லையா, அதற்கு இது தேவலை என்பாள். கேட்டவர் தூக்கை எடுத்துக்கொண்டு பேசாமல் நகர்ந்துவிடுவார். அவளிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் குறைவு.

மில்லில் இரண்டு இயந்திரங்கள். ஒன்று கோதுமைக்கும் சோளத்துக்கும், இன்னொன்று மிளகாய்க்கு. இரண்டும் சேர்ந்து ஓடினால் பக்கத்துத் தெருவில் இடி விழுந்தாலும் யாராவது வந்து சொன்னால்தான் தெரியும். முப்பது வருஷமாக அந்த இரைச்சலுக்குள்தான் நிற்கிறாள். வருகிறவர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். கத்தவே வேண்டியதில்லை. அவர்கள் உதட்டைப் பார்த்தே அவள் எல்லாவற்றையும் புரிந்துகொள்வாள். நைசாக அரைக்க வேண்டுமா, கரகரப்பாகவா, பாதியை மட்டுமா, யார் எப்படி உதட்டைக் குவித்தாலும் பிசகாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அந்தப் பெருமைதான் பிற்பாடு அவள் காலை வாரிவிட்டது.

குருவிக் கதை தொடங்கியது மிளகாய் இயந்திரத்தில். அதன் சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு ஜோடிச் சிட்டுக்குருவி கூடு கட்டி முட்டையும் வைத்துவிட்டது. மில்லக்கா அந்தச் சுவிட்சில் ஒரு துணியைச் சுற்றிக் கட்டிவிட்டாள். குஞ்சுகள் பறந்து போகும்வரை மிளகாய் கிடையாது என்று சொல்லிவிட்டாள். வாடிக்கைக்காரர்கள் குதித்தார்கள். குதிக்கட்டும் என்று விட்டுவிட்டு, தாயும் தகப்பனும் இரை கொண்டுவரும் ஒவ்வொரு தடவைக்கும் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். சும்மா, தெரிந்துகொள்ளத்தான். ஒரே நாளில் நூற்று நாற்பத்தாறு கோடுகள். சோளம் அரைக்க வந்த பள்ளிக்கூட ஆய்வக உதவியாளர் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு, சோளத்தை மறந்து, அப்படியே நின்றுவிட்டார்.

லேப் சார் என்று எல்லோரும் கூப்பிடும் அந்த மனிதர்தான் அந்த வட்டாரத்தில் கூடுகட்டும் பறவைகளின் கணக்கெடுப்பை நடத்திக்கொண்டிருந்தார். ஊரைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்தையும் ஒருவர் பொறுப்பில் விட்டிருந்தார்கள். சம்பளம் கிடையாது, சன்மானம் கிடையாது. ஒரு பக்கம் ஒரு கிலோமீட்டர். உள்ளே பத்து நிறுத்தங்கள். வருஷத்துக்கு இரண்டே காலைகள், பறவைகள் கூடு கட்டும்போது ஒன்று, குஞ்சு வளர்க்கும்போது ஒன்று. வெயில் ஏறுவதற்குமுன் கிளம்பி ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தில் என்ன பறவை, எத்தனை, என்ன செய்தது என்று எழுத வேண்டும். கண்ணால் பார்த்திருந்தால் 'பா', காதால் கேட்டிருந்தால் 'கே'. வழக்கமாக இருக்கும் பறவை இல்லையென்றால் கட்டத்தைக் காலியாக விடக்கூடாது, பூஜ்யம் போட வேண்டும். காலிக் கட்டம் என்றால் நீங்கள் கவனிக்கவில்லை என்று அர்த்தம். பூஜ்யம் என்றால் கவனித்தும் அது இல்லை என்று அர்த்தம்.

ஒரு சதுரத்தை லேப் சார் மில்லக்காவிடம் ஒப்படைத்தார். இந்தப் பூஜ்யச் சட்டம் அவளுக்கு மிகவும் பிடித்துப்போனது. பதினான்கு வருஷம், இருபத்தெட்டுக் காலைகள், ஒன்றைக்கூட அவள் விட்டதில்லை. சொந்தத் தங்கை கல்யாணத்தன்றுகூட விடிகாலையில் பத்து நிறுத்தத்தையும் முடித்துவிட்டு, செருப்பெல்லாம் சேறாகத்தான் மண்டபத்துக்குள் நுழைந்தாள். பஸ் ஓட்டும் அவள் கணவர் இதையெல்லாம் தடுத்துப் பார்த்து, அலுத்துப்போய், கடைசியில் ஒரு நல்ல தொலைநோக்கியாக வாங்கிக் கொடுத்துவிட்டார்.

அவளுடைய சதுரத்தில் ஏழாவது நிறுத்தம் நீரேற்று நிலையத்தின் பின்பக்கம். பூமிக்கடியில் பெரிய தொட்டி, மேலே பரந்த புல்வெளி, சுற்றிலும் கம்பிவேலி. அங்கேதான் டிக்கி இருந்தது. பட்டியலில் அதற்கு விசிறிவால் கதிர்க்குருவி என்று நீளமாகப் பெயர் போட்டிருப்பார்கள். ஒரு தீப்பெட்டியின் கனம்கூட இருக்காது. ஆண் குருவி புல்லுக்கு மேலே உயரத்தில் குதித்துக் குதித்துப் பறக்கும், ஒவ்வொரு குதிக்கும் ஊசி குத்துகிற மாதிரி ஒரு 'டிக்'. அதனால் மில்லக்காவுக்கு அது டிக்கி. முதல் ஒன்பது வருஷமும் ஐந்து, ஆறு, நான்கு, ஏழு என்று கணக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பத்தாம் வருஷம் மூன்று. பதினோராம் வருஷம் ஒன்று. அப்புறம் மூன்று வருஷமாகப் பூஜ்யம்.

மூன்றாவது பூஜ்யத்தை எழுதிவிட்டு அவள் நோட்டைப் படாரென்று மூடினாள். டிக்கியை அழித்தது யார் என்று தேடினாள். தேட வேண்டிய அவசியமே இல்லை, எதிரிலேயே புல் வெட்டும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு ஒருவர் போய்க்கொண்டிருந்தார். நிலையத்தின் புல்வெட்டுக்காரர், ஐம்பதை நெருங்குகிறவர், அதிர்ந்து பேசாதவர். மில்லக்கா வேலிக்கு வெளியே நின்றுகொண்டு அவரைப் பிடிபிடியென்று பிடித்தாள். கூடு கட்டும் நேரத்தில் புல்லை வெட்டித் தள்ளினால் குருவி எங்கே போகும் என்று கேட்டாள். அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"அந்த டிக் டிக் குருவியைத்தானே சொல்றீங்க? அது இருக்குக்கா. தினம் கேக்கறேன். கூடு கண்ணுல பட்டா ஒரு குச்சி நட்டுட்டு, அதைச் சுத்தி விட்டுட்டுத்தான் வெட்டறேன்."

"எத்தனை இருக்கு? என்னிக்குப் பார்த்தே? எழுதி வெச்சிருக்கியா?"

அவர் இல்லை என்று தலையாட்டினார்.

"எழுதி வெக்காம சும்மா வாயால சொன்னா யார் நம்புவாங்க?" என்றாள் மில்லக்கா. அவர் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு திரும்பிப் போனார்.

அந்த வருஷக் கணக்கெடுப்புக் கூட்டத்தில் அவள் எழுந்து பொரிந்து தள்ளினாள். ஐந்தும் ஏழுமாக இருந்த குருவி பூஜ்யமாகிவிட்டது, ஒரு இயந்திரமும் ஒரு மனிதனும் செய்த வேலை என்றாள். லேப் சார் அவளுடைய பட்டியலை இணைத்து நிலையத்துப் பொறியாளருக்கு ஒரு கடிதம் அனுப்பினார். பொறியாளர் எதையும் தீர விசாரிக்கிற ரகம் இல்லை. புல்வெட்டுக்காரருக்கு ஒரு மெமோ கொடுத்து, இயந்திரத்தின் சாவியை வாங்கிக்கொண்டு, அவரை வாசல் கேட்டில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார். புல் இடுப்புயரம் வளர்ந்தது. மில்லக்கா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் புல்லைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டாள். கேட்டில் இருந்த மனிதரைப் பார்க்கவில்லை.

பதினைந்தாம் வருஷத்தின் முதல் காலைக்கு நான்கு நாள் இருக்கும்போது மில் படியில் கால் பிசகி அவளுக்குக் கணுக்கால் வீங்கிவிட்டது. ஒருவர் தோளைப் பிடிக்காமல் நடக்க முடியாது. கணவருக்கோ விடிகாலை ஷிப்டு. மாடியில் குடியிருக்கும் நாத்தனாரைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

நாத்தனார் அழகு நிலையம் நடத்துகிறவள். அடுத்தவர் தலையில் கை இருக்கும்வரை வாய் ஓயாது, கை ஓய்ந்தாலும் வாய் ஓயாது. குருவி என்றால் அவளுக்கு ஜன்னலை அசிங்கம் பண்ணும் ஒரு வஸ்து, அவ்வளவுதான். அண்ணிக்காக வருகிறேன், அண்ணனிடம் சொல்லி எனக்கு ஒரு புடவை வாங்கித் தரச் சொல்ல வேண்டும் என்ற பேரத்தோடு வந்தாள். நிற்கும் ஐந்து நிமிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று மில்லக்கா ஆறு தடவை சொன்னாள். முதல் நிறுத்தத்தில் நாத்தனார் உதட்டைக் கையால் பொத்திக்கொண்டு நின்றதைப் பார்த்து மில்லக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஏழாவது நிறுத்தத்துக்கு வந்தார்கள். மில்லக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, வேலியைப் பிடித்துக்கொண்டு, புல்லைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். இரண்டு மைனா, ஒரு புறா. அதற்குமேல் ஒன்றுமில்லை. மூன்று நிமிடம் போனது. நாத்தனார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து அவள் தோளைத் தட்டினாள்.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. மேல என்னமோ கடிகாரம் மாதிரி டிக் டிக்னுது. அதுவும் எண்ணணுமா?"

மில்லக்கா அவள் உதட்டைப் பார்த்தாள். தெளிவாகத்தான் சொல்லியிருந்தாள். விளையாடுகிறாளோ என்று ஒரு கணம் கோபம் வந்தது. ஆனால் நாத்தனாருக்கு டிக்கியைப் பற்றி ஒரு எழவும் தெரியாது. தெரியாதவள் எப்படி விளையாட முடியும்?

"எங்கே? கையைக் காட்டு."

நாத்தனாரின் விரல் வானத்தில் மெல்ல நகர்ந்தது, அரை வட்டமாக வந்து வேலியில் இறங்கியது. மில்லக்கா தொலைநோக்கியை அந்த விரலின் முனைக்குக் கொண்டுபோனாள். வேலிக் கம்பியில் டிக்கி உட்கார்ந்திருந்தது. பழுப்பு முதுகில் கறுப்புக் கோடுகள், விசிறியாக விரிந்த குட்டை வால். மூன்று வருஷப் பூஜ்யத்துக்குப் பிறகு பார்க்கிறாள். சந்தோஷத்தில் கத்தப் போனவள், அலகைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். அலகு திறந்தது, மூடியது. திறந்தது, மூடியது. சத்தமே இல்லை.

"இப்ப சத்தம் கேக்குதா உனக்கு?"

"என்ன அண்ணி இப்படிக் கேக்கறீங்க? காதைத் துளைக்குதே."

முப்பது வருஷம் உதட்டைப் பார்த்தே பேச்சைப் படித்தவள் அந்த அலகையே பார்த்துக்கொண்டிருந்தாள். புறா முனகியது கேட்டது. தூரத்தில் லாரி போனது கேட்டது. காலடியில் நாத்தனார் செருப்பைத் தேய்த்ததுகூடக் கேட்டது. பத்துக் கஜத்தில் உட்கார்ந்து தொண்டை வீங்கப் பாடுகிற குருவி மட்டும் கேட்கவில்லை. 

நேரம் முடிய அரை நிமிடம் இருந்தது. டிக்கிக்கு நேரே 'பா 1' என்று எழுதினாள். பக்கத்துக் கட்டத்தில் 'கே' என்று எழுதிவிட்டு, பேனாவை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு எட்டாவது நிறுத்தத்துக்கு நடந்தாள்.

வீடு திரும்பும் வழியில் நாத்தனார் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். காலிங் பெல் மக்கர் பண்ணுகிறது என்று அண்ணி இரண்டு தடவை மாற்றினார்களே, பெல் நன்றாகத்தான் அடித்தது. குக்கர் விசில் வரவில்லை என்று புது விசில் வாங்கினார்களே, பழைய விசில் இன்னும் மாடியில் நன்றாக வேலை செய்கிறது. மில்லில் இருப்பவள், எப்போதும் உரக்கப் பேசுகிறவள், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.  மில்லக்காவுக்கு ஒரே ஒரு கேள்விதான் மண்டையைக் குடைந்தது. டிக்கி போய்விட்டது என்று மூன்று வருஷமாக அடித்துச் சொன்னேனே, அதில் எது டிக்கி, எது என் காது?

ஆஸ்பத்திரியில் காது சோதிக்கும் பெண் அவள் தலையில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னாள். மில்லக்கா டாண் டாண் என்று அழுத்தினாள். எல்லாமே சரியாக இருந்தது. அந்தப் பெண் கொஞ்ச நேரம் அவளையே பார்த்துவிட்டு நாற்காலியைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"என் விரலைப் பார்த்துப் பார்த்து அழுத்தறீங்கம்மா. இப்ப சுவரைப் பார்த்துக்கிட்டு அழுத்துங்க."

சத்தியமாக மில்லக்காவுக்கே அது தெரியாது. ஏமாற்ற வேண்டுமென்று அவள் நினைக்கவில்லை. கண் அதன்பாட்டுக்கு அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. சுவரைப் பார்த்து உட்கார்ந்தபோது பொத்தானுக்கு வேலை குறைந்துகொண்டே வந்து, கடைசியில் நின்றே போனது. காகிதத்தில் கோடு சமமாக வந்து, ஒரு இடத்தில் படியிறங்குகிற மாதிரி இறங்கியிருந்தது. கட்டைக் குரல்கள் எல்லாம் தப்பித்துவிட்டன. மெல்லிய, கூர்மையான சத்தங்கள் போய்விட்டன. காதுக்குக் கருவி வைத்தால் பேச்சுக்கு உதவும், ஊசிச் சத்தத்துக்கு உத்தரவாதம் கிடையாது, வருஷக்கணக்கில் இரைச்சலில் நின்றதன் பலன் இது என்று சொன்னார்கள்.

"எந்த வருஷத்துலேருந்து போச்சு?" என்று கேட்டாள் மில்லக்கா.

அதை இங்கே யாராலும் சொல்ல முடியாது என்றார்கள். அப்படியானால் நானே கண்டுபிடிக்கிறேன் என்று எழுந்துகொண்டாள்.

மில்லுக்கு விடுமுறை நாளில் பதினான்கு நோட்டுப் புத்தகங்களையும் தரையில் பரப்பினாள். தானியம் புடைக்கிற மாதிரி ஒவ்வொரு பறவையாகப் பிரித்தாள். ஒரு பக்கம் கட்டைக் குரல்காரர்கள், புறா, காகம், மைனா. இன்னொரு பக்கம் மெல்லிய குரல்காரர்கள், டிக்கி, பூக்கொத்தி, தேன்சிட்டு. ஒவ்வொரு வருஷமும் எத்தனை 'பா', எத்தனை 'கே' என்று எண்ணினாள். கட்டைக் குரல்களுக்கு 'கே' பதினான்கு வருஷமும் அசையவில்லை. மெல்லிய குரல்களுக்கு ஒன்பதாம் வருஷம்வரை 'கே' நிறைய இருந்தது. பத்தாம் வருஷத்தில் சரிந்தது, பன்னிரண்டில் துடைத்துவிட்ட மாதிரி ஒன்றுமில்லை. அதோடு 'பா'வும் குறைந்துவிட்டது. ஏன் என்று அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. காது காட்டுகிற இடத்தைத்தான் கண் தேடும். காது காட்டாதபோது கண் புல்லையே பார்த்துக்கொண்டு நிற்கும்.

மதியச் சாப்பாட்டுக்கு வந்த கணவர் தரையைப் பார்த்துவிட்டு, தாண்டித் தாண்டி நடந்துபோய் அவளுக்கு எதிரில் உட்கார்ந்தார். அழுதுவிடுவாள் என்று பயந்தார். அவள் சிவப்புப் பேனா எங்கே என்று கேட்டாள்.

மறுநாள் லேப் சாரின் ஆய்வக மேசையில் நோட்டுகளை அடுக்கினாள். ஆண்டறிக்கை அச்சுக்குப் போக இருந்த வாரம் அது. அவர் பொறுமையாக எல்லாவற்றையும் பார்த்தார். வருத்தப்பட்டார். அப்புறம், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், ஒரு வழி சொன்னார்.

"அக்கா, இதைப் பெரிசு பண்ணாதீங்க. மூணு வருஷம் பூஜ்யம், புல் வெட்டறதை நிறுத்தினோம், இந்த வருஷம் ஒண்ணு. திரும்பி வந்துடுச்சுன்னு போட்டுடலாம். நம்ம கடிதத்துக்குக் கிடைச்ச பலன்னு எல்லாரும் சந்தோஷப்படுவாங்க."

உண்மையில் அது ரொம்ப வசதியான வழி. குருவியைத் திரும்பக் கொண்டுவந்தவள் என்று கூட்டத்தில் கைதட்டுவார்கள், சதுரம் அவள் கையிலேயே இருக்கும், காதைப் பற்றி ஒருவருக்கும் தெரிய வேண்டாம். கேட்டில் உட்கார்ந்திருக்கும் மனிதர் கேட்டிலேயே உட்கார்ந்திருப்பார். மில்லக்கா ஒரு நிமிடம் அந்த வழியில் மனதளவில் போய்த்தான் பார்த்தாள். யாராக இருந்தாலும் போய்ப் பார்ப்பார்கள்.

"திரும்பி வரல சார்," என்றாள். "அது போகவே இல்ல."

பத்தாம் வருஷத்திலிருந்து மெல்லிய குரல் பறவைகள் அத்தனைக்கும் நேரே சிவப்புக் கோடு போட வேண்டும், அழிக்கக் கூடாது, எண் தெரிகிற மாதிரி கோடு போட்டு, எண்ணியவருக்குக் காது கேட்கவில்லை என்று ஓரத்தில் எழுத வேண்டும் என்றாள். லேப் சார் பெருமூச்சு விட்டார். அப்படியானால் சட்டப்படி சதுரத்தை வேறு யாருக்காவது கொடுக்க வேண்டிவரும், ஒரு இளம் தம்பதி கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர் சொன்னது காதில் சரியாக விழவில்லை, உதட்டில் தெரிந்தது.

 மில்லக்கா விடவில்லை. கண் நன்றாக இருக்கிறது, கால் ஆறிக்கொண்டு வருகிறது, சதுரத்தை விட்டுக்கொடுக்க முடியாது என்று ஒரே பிடியாக நின்றாள். ஒரு நிறுத்தத்தில் இரண்டு பேர் நிற்கட்டும், இரண்டு தாளில் எழுதட்டும், ஒருவர் பார்ப்பவர், ஒருவர் கேட்பவர், ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது என்றாள். அப்படிச் செய்தால் பழைய கணக்கோடு சேர்த்துப் பார்க்க முடியாது, வரைபடத்தில் பதினான்கு வருஷக் கோடு அங்கே முறிந்து புதிதாகத் தொடங்கும் என்றார் அவர்.

"முறியட்டும் சார். பொய்யா நீளறதுக்கு அது தேவலை."

லேப் சார் சம்மதித்து, பொறியாளருக்கு ஒரு புதுக் கடிதமும் எழுதிக் கொடுத்தார். மில்லக்கா சொல்லிவிட்டாளே தவிர, தெருவுக்கு வந்ததும் பள்ளிக்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். இருபத்தெட்டுக் காலைகள். தங்கை கல்யாணத்துச் சேறு. அதில் பத்துக் காலைகளின் கணக்கில் தன் கையாலேயே கோடு போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

இனி கேட்பவர் வேண்டும். நாத்தனார் தானே வருகிறேன் என்றாள். ஆனால் அன்றைக்கு வாயைப் பொத்திக்கொண்டு நின்றதற்கே தனக்குத் தலைவலி வந்துவிட்டது, இன்னொரு காலை என்றால் உயிர் போய்விடும் என்றும் அவளே சொன்னாள். மில்லக்கா மனதில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். அவரிடம் போவதைத்தான் நான்கு நாளாக ஏதேதோ சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள் மில்லைச் சாத்திவிட்டு, மாவு அப்பிய கையோடு நீரேற்று நிலையத்து வாசலுக்குப் போனாள். புல்வெட்டுக்காரர் நாற்காலியில் இருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார், மரியாதைக்கா பயத்துக்கா தெரியவில்லை. அவள் சுற்றி வளைக்கவில்லை.

"நீங்க அன்னிக்குச் சொன்னது அத்தனையும் நெசம். குருவி இருக்கு. எனக்குத்தான் காது போயிடுச்சு. என் காது போனதுக்கு உங்க மேல பழியைப் போட்டுட்டேன். தப்பு என்னோடது. மன்னிச்சிடுங்க."

அவர் அவளுடைய காலில் சுற்றியிருந்த கட்டைப் பார்த்தார், கையிலிருந்த மாவைப் பார்த்தார்.  அப்புறம் மெதுவாக, ஆனால் அவள் படிக்கிற மாதிரி முகத்தை நேராக வைத்துக்கொண்டு, மெமோ வந்த அன்று வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை என்றார். இருபத்திரண்டு வருஷ வேலையில் அதுதான் முதல் மெமோ. கூடு இருக்கிற இடத்தில் குச்சி நட்டுத்தான் வெட்டினேன் என்று சொன்னபோது பொறியாளரும் அவள் கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்டாராம், எழுதி வைத்திருக்கிறாயா என்று. மில்லக்காவுக்கு நிலத்தில் புதைந்துவிடலாம் போல இருந்தது.

அவள் அவரையும் அழைத்துக்கொண்டே பொறியாளர் அறைக்குள் நுழைந்தாள். லேப் சார் கையெழுத்துப் போட்ட புதுக் கடிதத்தையும், ஆஸ்பத்திரிக் காகிதத்தின் நகலையும் மேசையில் வைத்தாள். பொறியாளர் அதை அப்புறம் பார்ப்பதாகச் சொன்னார். அப்புறம் என்றால் எப்போது என்று கேட்டாள். கோப்பு மேலே போக வேண்டும் என்றார். போய் வரட்டும், அதுவரை இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன் என்று எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, வீங்கிய காலைத் தூக்கி இன்னொரு நாற்காலியில் வைத்துக்கொண்டாள். மில்லில் பேசிப் பழகிய குரல். வராந்தாவில் ஆட்கள் கூடிவிட்டார்கள். தேநீர் இரண்டு தடவை வந்து ஆறிப்போனது. சாயங்காலத்துக்குள் மெமோவை ரத்து செய்த காகிதமும் இயந்திரத்தின் சாவியும் புல்வெட்டுக்காரர் கையில் இருந்தன.

வெளியே வந்ததும் அவள் சதுரத்தைப் பற்றிச் சொன்னாள். கேட்பவர் ஒருவர் வேண்டும், பத்து நிறுத்தம், விடிகாலை, பைசா கிடையாது என்றாள். அவர் கூச்சத்தோடு சிரித்தார்.

"எனக்கு எழுத்து அவ்வளவா ஓடாதுக்கா."

"கோடு போடுவீங்களா?"

"அதென்ன பிரமாதம்."

இரண்டாவது காலை வந்தது. முந்தின வாரமே புல்வெட்டுக்காரர் புல்லை வெட்டியிருந்தார். நடுநடுவே நான்கு இடங்களில் மட்டும் குச்சி நட்டு, சுற்றிலும் புல் அப்படியே நின்றது. மில்லக்காவின் காதுக்குப் பின்னால் புதுக் கருவி. அது தெருவில் தகரம் உருள்வதையும் நாத்தனார் மாடியில் பேசுவதையும் நன்றாகவே கொண்டுவந்து சேர்த்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இருவரும் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். அவளிடம் தாளும் தொலைநோக்கியும். அவரிடம் பறவைப் படங்களுக்கு நேரே கட்டம் போட்ட ஒரு அட்டையும் ஒரு பென்சிலும்.

ஏழாவது நிறுத்தம். அவள் இப்போது காதை எதிர்பார்க்கவில்லை. வானத்தைப் பட்டை பட்டையாகப் பிரித்துக்கொண்டு, இடமிருந்து வலமாக, கோதுமையில் கல் பொறுக்குகிற மாதிரி தேடினாள். இரண்டாவது நிமிடத்தில் ஒரு புள்ளி குதித்துக் குதித்துப் போனது. ஒன்று. நான்காவது நிமிடத்தில் புல்லின் மட்டத்தில் இன்னொன்று, அலகில் பச்சையாக ஒரு புழு. அது குச்சி நட்ட புதர் ஒன்றில் இறங்கி மறைந்தது, வெறும் அலகோடு வெளியே வந்தது. உள்ளே குஞ்சு இருக்கிறது. அவளுக்குக் கண் கலங்கி, தொலைநோக்கியின் கண்ணாடி மங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு எழுதினாள். 'பா 2, இரையோடு.'

ஐந்து நிமிடம் முடிந்தது. அவர் அட்டையை நீட்டினார். டிக்கியின் படத்துக்கு நேரே மூன்று கோடுகள். அவள் தன் தாளைப் பார்த்தாள். இரண்டை மூன்றாக்க ஒரு வளைவு போதும். அவள் பேனா அந்தப் பக்கம் போகவில்லை. அவர் கேட்டது மூன்று, அவள் பார்த்தது இரண்டு.

"கே கட்டம் காலியா இருக்கேக்கா," என்றார் அவர் தயக்கத்தோடு.

அவள் தலையைத் திருப்பி வானத்தைப் பார்த்தாள். கருவியைக் காதில் இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டாள். லாரி கேட்டது. புறா கேட்டது.

"இப்பவும் பாடிட்டுத்தான் இருக்கா?"

"நிறுத்தவே இல்லக்கா. நம்ம தலைக்கு நேரே."

மில்லக்கா சிறிது நேரம் அப்படியே அண்ணாந்து நின்றாள். அப்புறம் தாளை வேலிக் கம்பியின் மேல் வைத்து, கண்ணில் படுகிற மாதிரிப் பெரிதாக, 'கே' என்பதற்கு நேரே ஒரு பூஜ்யம் போட்டாள். முதல் காலையின் தாளையும் பையிலிருந்து எடுத்து அதில் காலியாக இருந்த கட்டத்திலும் ஒன்று போட்டாள். இரண்டின் கீழும் கையெழுத்திட்டாள். புல்வெட்டுக்காரர் தன் அட்டையின் அடியில், பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு, எழுத்தெழுத்தாகத் தன் பெயரை எழுதி முடிக்கும்வரை காத்திருந்தாள். நேரமாகிவிட்டது, இன்னும் மூன்று நிறுத்தம் பாக்கியிருந்தது. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டாவதற்கு நடந்தாள்.